ஆஃப் பண்ணி ஓன் பண்ணினால் என்ன தொலைகிறது?

“ஆஃப் பண்ணி ஓன் பண்ணுங்க, சரியாயிடும்.” சுங்கைப் பட்டாணிக் கணினிக் கடையிலிருந்து கூலிம் பக்கத்துத் தோட்ட ஆபீஸ் வரை, நீலத்திரை விழுந்ததும் யாராவது ஒருவர் இந்த வைத்தியத்தைச் சொல்லிவிடுகிறார். சம்பளக் கணக்கு நின்றுபோன பதற்றத்தில் கிராணியாரும் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். இதற்கு ஆதாரம் கேட்டவர்கள் குறைவு. ஆதாரத்தை அழிப்பதுதான் அந்த வைத்தியத்தின் முதல் வேலை என்பதால், கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

“மறுபடி திறந்ததே, அப்புறம் என்ன?” என்பது முதல் வாதம். திறந்தது, இரண்டு நாள் கழித்து மறுபடி விழுந்தது.

“மைக்ரோசாஃப்டே அப்படித்தானே சொன்னது?” என்ற இரண்டாவது வாதத்துக்கு வைத்தியர்கள் 2024 ஜூலை 19ஐச் சாட்சிக்கு அழைப்பார்கள். மலேசிய நேரம் பிற்பகல் 12.09க்கு, கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு கோப்பு, உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. அன்று வெள்ளிக்கிழமை, கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை. ஏர் ஏசியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேகக் கணினிகளை 15 தடவை வரை மீண்டும் தொடங்கிப் பார்க்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொன்னது உண்மைதான். ஆனால் திருத்திய கோப்பு போய்ச் சேர வாய்ப்புக் கொடுக்கத்தான் அத்தனை தடவை. பல கணினிகளோ தொடங்குவதும் விழுவதுமாகச் சுழன்றன. ஆட்கள் ஒவ்வொன்றாகப் போய் அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. எங்கே உடைந்தது என்பதை, விழுந்த கணினிகள் விட்டுச்சென்ற டம்ப் (நினைவக நகல்) பதிவுகளைப் பிரித்துப் பார்த்து மைக்ரோசாஃப்ட் விளக்கியது: கிரவுட்ஸ்டிரைக்கின் டிரைவர், தனக்குரிய எல்லையைத் தாண்டி நினைவகத்தைப் படித்திருந்தது. 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் 20தான் வந்ததாக கிரவுட்ஸ்டிரைக்கும் ஒப்புக்கொண்டது. மலேசியாவில் 5 அரசு அமைப்புகளும் 9 நிறுவனங்களும் பாதிக்கப்பட்டதாகச் சொல்லி, இழப்பீட்டைப் பரிசீலிக்கும்படி இலக்கவியல் அமைச்சர் கோபிந்த் சிங் டியோ மைக்ரோசாஃப்டையும் கிரவுட்ஸ்டிரைக்கையும் கேட்டார். “ஆஃப் பண்ணி ஓன் பண்ணினோம்” என்று சொல்லிக்கொண்டு இழப்பீடு கேட்க முடியுமா?

மூன்றாவது வாதம்தான் மிகவும் ஆபத்தானது: “காரணம் எங்கே போய்விடும்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.”

போய்விடும். விண்டோஸ் விழும்போது, நினைவகத்தில் இருந்ததை வட்டிலுள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்புக்குள் அவசர அவசரமாக எழுதுகிறது. நீலத்திரையில் விழுக்காடு ஏறுவது அதனால்தான். அது முடியும் முன் பொத்தானை அழுத்தினால் பதிவு பாதியில் நின்றுவிடும். முழுதாக எழுதி முடித்தாலும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. அடுத்த தடவை கணினி தொடங்கும்போதுதான் பேஜ்ஃபைலுக்குள் பதிவு கிடப்பதைக் கண்டுபிடித்து, மெமரி.டிஎம்பி என்ற தனிக் கோப்பாக எடுத்து வைக்கிறது. அதற்குள் இன்னொரு தடவை ஆஃப் பண்ணினால் அந்த வேலையும் கெடும். அதுவும் தப்பியதென்றால், வழக்கமான அமைப்பில் அடுத்த விபத்தின் பதிவு பழையதன் மேலேயே எழுதப்படும். அலுவலக வலையமைப்பில் சேராத கணினியில் 25 ஜிபிக்கும் குறைவான இடமே மிச்சமிருந்தால், விண்டோஸே அந்தக் கோப்பை நீக்கிவிடவும் கூடும். 128 ஜிபி வட்டில் குடும்பக் கல்யாணப் படங்களையும் ஏற்றி வைத்திருக்கும் ஆபீஸ் கணினியில் அந்த 25 ஜிபிக்கு எங்கே போவது?

தொடங்கும்போதே விழுகிற கணினி இன்னும் பாவம். பேஜ்ஃபைல் தயாராகும் முன் விழுந்தால் எழுத இடமே கிடையாது. லினக்ஸிலும் இதே கதைதான்: கேடம்ப் ஏற்பாடு, நினைவகத்தின் ஒரு மூலையை முன்கூட்டியே ஒதுக்கி, விழுந்ததும் இரண்டாவது கெர்னல் ஒன்றை எழுப்பிப் பதிவைக் காப்பாற்றுகிறது. அதன் சேவை எழும் முன் நேர்ந்த விபத்து அதன் கணக்கில் வராது. இத்தனை கண்டங்களுக்கும் நடுவே நம் வைத்தியர் பொத்தானையும் அழுத்துகிறார்.

“டம்ப் இடத்தை அடைக்கும்.” மினிடம்ப் என்ற சுருக்கப் பதிவு மிகச் சிறியது; வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றின் அளவு.

“அதெல்லாம் கூலிம் ஹைடெக் பார்க் எஞ்சினியர்களுக்கு.” டம்பைப் பிரிக்கும் வின்டிபிஜியை மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் இலவசமாகவே தருகிறது. அதைத் திறக்கத் தெரியாத கடைக்காரரும், “தானாக மீண்டும் தொடங்கு” என்ற கட்டத்திலுள்ள டிக்கை எடுத்துவிடலாம். ஃபார்மெட் பண்ணும் முன் மினிடம்ப் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வைக்கலாம். ஃபார்மெட்டுக்கு வாங்கும் கூலியில் அதனால் ஒரு காசும் குறையப்போவதில்லை.