ஊர் டிராக்டருக்கு மாற்று எஞ்சின்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஊரில் சிறிது நிலமும், அதை உழும் பழைய டிராக்டரும் இன்னும் உண்டு. "எஞ்சின் போய்விட்டது, பழைய எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, உழவுக்கு முன் பணம் அனுப்புக" என்று தம்பியோ மைத்துனரோ கேட்டால், மாதச் சம்பளத்தில் வாழும் நாம் சிலவற்றை அறிந்த பின்னரே அனுப்புதல் நலம்.

எஞ்சின் மாற்றுதல் புதிய வழக்கமன்று. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட ஃபெர்குசன் சிறு டிராக்டரின் பெட்ரோல் எஞ்சினை நீக்கி, பெர்கின்ஸ் பி-3 டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்ட உழவர் உண்டு. எஞ்சினோடு அதற்குரிய இணைப்புப் பாகங்களும் சேர்த்தே விற்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் மாசி ஃபெர்குசன் டிராக்டர்களும் அந்த மரபில் வந்தவையே. அவற்றுள் பலவற்றில் சென்னை சிம்ப்சன் நிறுவனத்தின் எஞ்சின் இருக்கும்.

இவ்வகை டிராக்டருக்கு லாரிக்கு உள்ளது போன்ற தனி அடிச்சட்டகம் இல்லை. முன் அச்சு எஞ்சினின் முகப்பிலும், கியர்ப் பெட்டி அதன் பின்புறத்திலும் முடுக்கப்பட்டுள்ளன. எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. அதைக் கழற்றினால் வண்டி இரண்டாகப் பிரியும். இருபுறமும் உறுதியான முட்டுக் கொடாமல் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே குதிரைத்திறன் ஒத்திருந்தால் மட்டும் போதாது. முன்னும் பின்னும் போல்ட்டுத் துளைகள், ஃப்ளைவீல், கிளச்சுத் தட்டு ஆகியவை பொருந்த வேண்டும். மிகுந்த திறனுள்ள எஞ்சினை ஏற்றினால், பழைய திறனுக்கென அமைந்த கியர்களும் பின் அச்சும் அச்சுமையைத் தாங்காமல் தேயக்கூடும். அதே வகை எஞ்சினே பெரும்பாலும் சிக்கனமானது. குர்லாவின் பழைய உதிரிப் பாகக் கடைகளில் விலை மலிவென்று எண்ணி, அளவு தெரியாமல் வாங்கி லாரியில் ஏற்றிவிடலாகாது.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா? புகையும் எண்ணெய்ச் செலவும் மட்டுமே குறையெனில் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினாலே போதுமாகலாம். பிளாக் வெடித்திருந்தால் மாற்று எஞ்சின் தேடுவது முறை.

மாற்றிய பின் மற்றொரு கடமையும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றுதல் வேண்டும். விற்றவரின் ரசீதின்றி வாங்கிய எஞ்சின் திருட்டுப் பொருளாயின், வழக்கு ஊரிலிருக்கும் தம்பியின் தலையில் விழும்.

எனவே பழைய எஞ்சின் எண், புதியதின் எண், மெக்கானிக் எழுதித்தந்த செலவுக் கணக்கு ஆகிய மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவை வந்த பின் பணம் அனுப்புங்கள். அதுவரை வாடகை டிராக்டர் கொண்டு உழுதுகொள்ளட்டும், பருவம் தவறலாகாது.