நால்வர் போட்ட வாக்கு

நியூயார்க் மாநிலத்தில் தன்பாலினத் திருமணம் சட்டமான கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அப்போதைய ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் பெயரோடு முடித்துக்கொள்கிறார்கள். 2011 ஜூன் 24 அன்று நள்ளிரவு நெருங்கும் வேளையில் கையெழுத்திட்டவர் அவர்தான். ஆனால், அந்த மசோதா அவர் மேசைக்கு வந்துசேரக் காரணமானவர்கள் எதிர்முகாமைச் சேர்ந்த நான்கு பேர். ஜேம்ஸ் அலேசி, ராய் மெக்டொனால்ட், ஸ்டீபன் சாலண்ட், மார்க் கிரிசான்டி. நால்வரும் குடியரசுக் கட்சியின் மாநில செனட்டர்கள். அவர்களைப் பற்றி உரக்கப் பேச வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

அப்போது 62 பேர் கொண்டிருந்த அந்த செனட்டில் 32 பேர் குடியரசுக் கட்சியினர். ஜனநாயகக் கட்சியின் 30 பேரிலும் ரூபன் தியாஸ் என்ற பாதிரியார் கடைசிவரை எதிர்த்தார். மசோதா 33–29 என்று நிறைவேறியது. நால்வரில் இருவர் பின்வாங்கியிருந்தால் சட்டமே இல்லை. 2009 டிசம்பரில் இதே அவையில் இதே கோரிக்கை 38–24 என்று தோற்றது. அன்று குடியரசுக் கட்சியினர் அத்தனை பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள்; அலேசியும் மெக்டொனால்டும் சாலண்டும் அவர்களில் அடக்கம். கிரிசான்டி அப்போது அவையில் இல்லை. மறு ஆண்டு பஃபலோ பகுதியில் நின்றபோது, தன்பாலினத் திருமணத்தை எதிர்ப்பவர் என்றே வாக்குக் கேட்டு வென்றவர்.

நம் நாட்டில் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகலாம். அங்கே அந்த பயம் இல்லை. ஆனால், பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல் இருக்கிறது. அதில் வாக்களிக்க வருவோர் குறைவு. வருகிறவர்கள் பெரும்பாலும் கட்சியின் தீவிரப் பற்றாளர்கள். போதாததற்கு, நியூயார்க்கில் கன்சர்வேடிவ் கட்சி என்று தனியாக ஒன்று உண்டு. குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் பலருக்கு அதன் ஆதரவு இல்லாமல் கரையேறுவது கடினம். தன்பாலினத் திருமணத்துக்கு வாக்களிப்பவர்களுக்கு ஆதரவு கிடையாது என்று அதன் தலைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நால்வருக்கும் விலை தெரிந்தே இருந்தது.

மெக்டொனால்ட் வியட்நாம் போரில் பணியாற்றியவர். ஆட்டிசம் உள்ள இரண்டு பேரக்குழந்தைகள் தனக்குப் பணிவைக் கற்றுக்கொடுத்தார்கள் என்றார். வாழ்க்கையில் எல்லாமே கறுப்பு, வெள்ளை என்று பிரிந்துகிடப்பதில்லை, சரியானதைச் செய்யப் பார்க்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னபோது கோபத்தில் ஒரு வசைச்சொல்லும் வந்தது. கத்தோலிக்கரும் வழக்கறிஞருமான கிரிசான்டி, தனக்கும் தன் மனைவிக்கும் உள்ள உரிமையைத் தன் தொகுதி மக்களில் சிலருக்கு மறுக்கச் சட்டரீதியான வாதம் எதுவும் அகப்படவில்லை என்று அவையிலேயே சொன்னார்.

என்னை அதிகம் கவர்ந்தவர் சாலண்ட். மதகுருமார்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, சமய அமைப்புகள் தங்கள் இடங்களை இத்திருமணங்களுக்குத் தர மறுத்தால் வழக்குப் போட முடியாது என்பன போன்ற பாதுகாப்புகளைச் சொல் சொல்லாகப் பேரம் பேசி வாங்கினார். அந்தப் பாதுகாப்பை நீதிமன்றம் நீக்கினால் சட்டம் முழுவதுமே செல்லாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. சிலருக்கு இது அரைமனதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. கோயிலுக்கும் குடும்பத்துக்கும் அரசு காவலாக இருக்க வேண்டும் என்று நம்பும் ஒருவர், தன் நம்பிக்கையைக் கைவிடாமலேயே, காவல் இல்லாத குடும்பங்களையும் அதற்குள் கொண்டுவந்தார். பழமைவாதத்துக்கு அவர் செய்த துரோகம் என்று இதைச் சொல்ல என்னால் முடியாது.

பணக்கார நன்கொடையாளர்களுக்கு விலைபோனார்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அப்போதைய நியூயார்க் நகர மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் நால்வருக்கும் தேர்தல் நன்கொடை கொடுத்தது உண்மை. அதேபோல, தேசியத் திருமண அமைப்பு என்ற எதிர்ப்பியக்கம் இவர்களைத் தோற்கடிக்க 20 லட்சம் டாலர் செலவழிப்பதாக அறிவித்ததும் உண்மை. பதவியைக் காப்பாற்றுவதுதான் நோக்கமென்றால் 2009-இல் கட்சி போட்ட அதே வாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே!

2012-இல் அலேசி போட்டியிடவில்லை. அவருக்கு வேறு சிக்கல்களும் இருந்தன. மெக்டொனால்ட் பிரைமரியில் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார். சாலண்ட் பிரைமரியில் தப்பித்தார். ஆனால் அவரிடம் தோற்றவர் கன்சர்வேடிவ் கட்சி வேட்பாளராகக் களத்தில் நீடித்து வாக்கைப் பிரித்ததால் பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் வென்றார். கிரிசான்டி அந்த முறை ஜெயித்து, 2014 பிரைமரியில் வீழ்ந்தார். ஆக, நான்கே ஆண்டுகளுக்குள் நால்வரும் அவையிலிருந்து வெளியேறிவிட்டார்கள்.

2022 நவம்பரில், தன்பாலினத் திருமணங்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரத்தை உறுதிசெய்யும் மசோதா அமெரிக்க செனட்டில் 61–36 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 12 பேர் குடியரசுக் கட்சியினர். இம்முறை அவர்கள் தனியாக நிற்க வேண்டியிருக்கவில்லை.