அறைக்கு வாடகையா, தலைக்கு வாடகையா?



இஸட் புள்ளி வந்து, பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைத்ததும் ஆசிரியர்களான நாங்கள்தான் முதலில் ஸ்டேட்டஸ் போடுகிறோம். அந்தப் பிள்ளை போன ஊரில் எங்கே தூங்குகிறது என்று நாங்கள் கேட்பதில்லை.

போன கிழமை எங்களிடம் படித்த மகள் ஒருத்தி தூர ஊரிலிருந்து கோல் எடுத்தாள். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேராம். வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. விடுமுறை மாதத்துக்கும் முழுக்காசு. ஆறு மாத அட்வான்ஸுக்கு ஒரு துண்டுக் கடிதாசியும் இல்லை. உம்மாவின் காப்பு அடகில் இருக்கிறது.

கேட்டதும் அந்த ஊர்க்காரரை ஏசினோம். பிறகு யோசித்தால், ஒலுவிலிலும் பாலமுனையிலும் அட்டாளைச்சேனையிலும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நம்மவர்கள் செய்வதும் இதுதானே?

அறை அறையாக வீடு விடுவது பிழையில்லை. நம் பக்கத்தில் வீடு பெண்ணின் பெயரில்தான். கணவர் மவுத்தான பின், இரண்டு அறை வாடகையில் பிள்ளை வளர்க்கும் உம்மாமாரை நாம் அறிவோம். அது ஹலாலான வருமானம்.

பிழை கணக்கில் வருகிறது. கரண்ட் பில்லைப் பாருங்கள். தனி வீட்டில் 40 யுனிட் பாவிப்பவருக்குக் குறைந்த கட்டணம். அப்படி ஐந்து அறை ஒரே மீட்டரில் சேர்ந்தால் 200 யுனிட். 180ஐத் தாண்டிய யுனிட்டுகளுக்கு ஆகக் கூடிய விலை. இது வீட்டுக்காரரின் குற்றமில்லை. ஆனால் பில்லைக் காட்டாமல் "ஆளுக்கு இவ்வளவு" என்று வாங்கும்போதுதான் சந்தேகம் வளர்கிறது.

ஆகவே அறை விடும் உறவுகளுக்கு நாம் சொல்வது:

அறைக்கு எத்தனை பேர், விடுமுறைக்கு எவ்வளவு, அட்வான்ஸ் எப்போது திரும்பும், எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

பில்லைச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்தால் அறைக்கொரு சிறிய மீட்டர் போடுங்கள்.

கதவுக்குப் பூட்டுக் கொடுங்கள். வாடகைக்கு விட்ட பின் அது அவர்களின் அறை. தட்டாமல் உள்ளே போகாதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்று: பொதுக் குசினியும் குளியலறையும் உங்கள் பொறுப்பு. காசு கொடுத்தால் ரசீது கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கஷ்டப் பிரதேசத்தில் படிப்பித்த காலத்தில் நாங்களும் இப்படியான அறைகளில் இருந்தவர்கள்தான். வாடகை எவ்வளவு என்பது மறந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்த இரவு கதவைத் தட்டிக் கஞ்சி தந்த வீட்டுக்கார உம்மாவை இன்னும் மறக்கவில்லை.

நம் வீட்டு அறையில் தூங்குவதும் யாரோ ஒருவர் நம்மை நம்பி அனுப்பிய பிள்ளை. அட்வான்ஸ் மட்டுமல்ல, அந்தப் பிள்ளையும் நம்மிடம் அமானிதம்.