கர்ணப் புறாவும் நாம் சொல்ல வேண்டிய பதிலும்



மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டிய சந்து ஒன்றிலிருந்து நம் மக்தபுக்கு ஓதவரும் மாணவர் ஒருவர், சென்ற மாதம் அஸருக்குப் பின் சட்டைக்குள் ஒரு புறாவைப் பொத்திக்கொண்டு வந்தார். கர்ணம் அடித்துக்கொண்டே கீழிறங்கி, நிறுத்த முடியாமல், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மோதிய புறா அது. அலகோரம் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "ஹஜ்ரத், உயிர் போறதுக்குள்ள அறுத்தா ஹலால்தானே?" என்று கேட்டார்.

உயரத்திலிருந்து விழுந்து செத்தது விலக்கப்பட்டது. உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுக்கப்பட்டால் ஆகுமானது. திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம், மூன்றாம் வசனத்திலிருந்து நாம் கற்பிக்கும் இந்தச் சட்டத்தை அவருக்கும் சொன்னோம். ஆனால் அவர் அடுத்துச் சொன்ன சொல்தான் நம்மை உறங்க விடவில்லை: "இதுக்குத் தகப்பன் புறாவும் இப்படித்தான் மோதிச் செத்துச்சு ஹஜ்ரத். அது மாதிரி கர்ணம் போட வேற புறா இல்லைன்னு எங்க அத்தா அதையேதான் ஜோடி சேர்த்திருந்தாங்க."

அந்தத் தகப்பனாரை மட்டும் நோக்கி இதை எழுதவில்லை. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் அடையாற்றிலும் மாடியில் கூண்டு வைத்திருக்கும் நம் சகோதரர்கள் அனைவரையும் நோக்கியே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். புறா வளர்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. அபூஉமைர் என்ற சிறுவர் ஒரு சிறு குருவியோடு விளையாடி வந்ததும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரிடம் அன்போடு விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளன. துணைக்காகவும் முட்டை, குஞ்சுக்காகவும் புறா வளர்ப்பது கூடும் என்றே ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அவை கண்டிப்பது தொழுகையையும் கடமையையும் மறந்து அதன் பின்னே அலைவதையும், அதை வைத்துச் சூதாடுவதையும்தான். இவை பற்றி ஜும்ஆ மேடைகளில் பலமுறை பேசிவிட்டோம். ஆனால் எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று கூண்டுக்கு முன் நின்று எடுக்கும் முடிவைப் பற்றி நாம் பேசியதே இல்லை. குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

கர்ணம் பயிற்சியால் வருவதன்று, பரம்பரையாக வருவது. கர்ணப் புறாவின் குஞ்சு முதலில் ஏனைய புறாக்களைப் போல நேராகவே பறக்கும். வளர வளரத்தான் பின்புறமாகப் புரளத் தொடங்கும். அளவோடு புரளும் புறா நிதானத்துக்கு வந்து, கூட்டத்தோடு மீண்டும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அளவு மீறிப் புரளும் ஆணையும் பெண்ணையும், பல சமயம் ஒரே கூட்டில் பிறந்த உடன்பிறப்புகளையே, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போனால் நிறுத்தும் ஆற்றலை இழந்த குஞ்சுகள் வருகின்றன. வெளிநாடுகளில் 'பார்லர் ரோலர்' என்றே ஓர் இனம் உண்டு. வளர்ந்தபின் பறக்கவே இயலாமல் தரையில் உருண்டுகொண்டே போகும். எவ்வளவு தூரம் உருண்டது என்று அளந்து அதற்குப் பரிசும் தருகிறார்கள்! சிறகைக் கொடுத்தவன் அல்லாஹ். அந்தச் சிறகைப் பயனற்றதாக்கிவிட்டுக் கைதட்டுபவன் மனிதன்.

"மன்னர்கள் காலத்திலிருந்தே உள்ள கலைதானே ஹஜ்ரத்?" என்பார்கள். உண்மைதான். பேரரசர் அக்பரின் அரண்மனையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததாக அபுல் ஃபஸ்ல் தம் ஆயினே அக்பரியில் எழுதியுள்ளார். அதே நூல் 'லோட்டன்' என்ற புறாவையும் வருணிக்கிறது. கையில் பிடித்துக் குலுக்கித் தரையில் விட்டால், அரைகுறையாக அறுபட்ட கோழியைப் போல் அது துடிக்குமாம். அதைக் கண்டு களித்தது அரண்மனை. மன்னர் செய்ததெல்லாம் மார்க்கமாகிவிடுமா?

இதற்கு ஹதீஸ் கலை பயிலும் மாணவர் எவரும் அறிந்த விடை ஒன்று உண்டு. அப்பாஸியக் கலீஃபா மஹ்தி (ஆட்சிக்காலம் 775–785) புறாப் பிரியர். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில் மட்டுமே பந்தயப் பரிசு கூடும் என்ற நபிமொழியை அவர் அவையில் எடுத்துச் சொன்ன கியாஸ் பின் இப்ராஹீம் என்பவர், கலீஃபாவை மகிழ்விக்க 'சிறகு' என்ற ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டார். அவர் சென்றபின், தம் பொருட்டே நபியின் பெயரில் பொய் புனையப்பட்டது என்று சொல்லி, மஹ்தி அந்தப் புறாக்களை அறுத்துவிடச் செய்தார். இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸுக்கு உதாரணமாக இன்றுவரை மத்ரஸாக்களில் சொல்லப்படும் வரலாறு இது. ஆசைக்கு ஆதாரம் தேடுபவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

"புறாவுக்கே அதில் மகிழ்ச்சிதான்" என்பது அடுத்த வாதம். சுவரில் மோதுவதிலுமா மகிழ்ச்சி? வானில் வல்லூறு ஏன் கர்ணமடிக்கும் புறாவைத் தேடி வருகிறது? நிலை தடுமாறும் பறவையே எளிய இரை என்பதை அது அறியும். பின்னர் அந்த வல்லூறின் மேல் நமக்குக் கோபம் வருகிறது, உண்டிவில் எடுக்கிறோம். 2007-இல் அமெரிக்காவில் ரோலர் புறா வளர்ப்போர் சிலர், வல்லூறு இனப் பறவைகளைக் கொன்றதற்காக வழக்கில் சிக்கினார்கள். நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவைகளைக் காக்கிறது. ஒரு தவறு இன்னொரு தவறுக்கு அழைத்துச் செல்வது இப்படித்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நின்ற இடத்திலேயே கழுத்து திருகிக்கொண்டு, தானியத்தைக் கொத்தினால் குறி தவறி, தண்ணீராகக் கழியும் புறா கர்ணம் அடிக்கவில்லை. பெரும்பாலும் அது பாராமிக்சோ என்னும் வைரஸ் நோய். கூண்டு முழுவதும் பரவும். தடுப்பூசி உண்டு, வந்தபின் நேரடி மருந்து கிடையாது. அந்தப் புறாவைத் தனியே பிரித்து, ஆழமான கிண்ணத்தில் தீனியும் தண்ணீரும் வைத்துப் பராமரிக்க வேண்டும். 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. பந்தயப் புறாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவருக்கு அங்கே போகும் ஆட்டோ கட்டணம் மட்டும் கனக்கிறதா? புறா எச்சத்தின் தூசியை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரக்கூடும் என்பதையும் குழந்தைகள் உள்ள வீட்டார் மறக்க வேண்டாம்.

சிலர் குறையுள்ள புறாவை என்ன செய்கிறார்கள்? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுபோய், "நல்ல கர்ணம்" என்று விற்றுவிடுகிறார்கள். தானியக் குவியலுக்குள் ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை அறியாதவர் நம்மில் யார்? மறைக்கப்பட்ட குறை தானியத்தில் இருந்தாலும் புறாவின் இரத்தத்தில் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். அதுவும் ஜும்ஆ நாளில்!

ஆகவே நாம் வேண்டுவது இவ்வளவே. மோதி விழுந்த புறாவையும், மோதி விழுந்தவற்றின் குஞ்சையும் ஜோடி சேர்க்காதீர்கள். உடன்பிறப்புகளைச் சேர்க்காதீர்கள். எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது, எது எப்படி இறந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். புதிதாக வாங்கிய புறாவைச் சில வாரங்கள் தனியே வையுங்கள். பறக்கவிட்டால் ஆபத்து என்று தெரிந்த புறாவைப் பறக்கவிடாமல் விசாலமான கூண்டில் வைத்து, அதன் ஆயுள் வரை உணவளியுங்கள். விற்றால் குறையைச் சொல்லி விற்பனை செய்யுங்கள். பந்தயத்தில் தோற்றாலும் பரவாயில்லை.

பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவை நாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அவள் ஓர் உயிரை வதைத்தாள். தெரிந்தே தவறான ஜோடி சேர்ப்பவர், இன்னும் முட்டையில்கூட உருவாகாத உயிர்களுக்கும் சேர்த்து வதையைத் தீர்மானிக்கிறார். மறுமையில் அதற்கு என்ன பதில் சொல்வோம்?

அந்த மாணவரின் அத்தாவை மஃக்ரிபுக்குப் பின் சந்தித்தோம். நாம் சொன்னதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னும் ரெண்டு குஞ்சு இருக்கு ஹஜ்ரத்" என்றார். அவற்றின் விஷயத்தில் அவர் எடுக்கப்போகும் முடிவுக்காக துஆச் செய்கிறோம். தன் படைப்பினங்களிடம் இரக்கம் காட்டுவோர் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக. ஆமீன்.