சாயத்துக்குப் போதை ஏறாது

ஹிப்பிகளின் ‘சைகடெலிக்’ கலை வெறும் எல்.எஸ்.டி. உளறலாம், அந்தக் கந்தல் கலாச்சாரத்தை ஆரோவில் வழியாக விழுப்புரம் மாவட்டத்துக்குள் இறக்கிவிட்டார்களாம், இன்று திண்டிவனம் கடைத்தெரு வரை சாயம் தெளித்த சட்டை தொங்குகிறதாம். பொங்கியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். கோபத்தில் பாதியளவு தகவலும் இருந்திருக்கலாம்.

முதலில் அந்த ‘உளறல்’. சான்பிரான்சிஸ்கோ போஸ்டர்களில் கண் கூசும் நிறங்களை அடித்தவர்களில் முக்கியமானவர் விக்டர் மொஸ்கோசோ. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் படித்தவர். எதிரெதிர் நிறங்கள் இரண்டை ஒரே பிரகாசத்தில் ஒட்டி வைத்தால் விளிம்பு துடிக்கும். இது வகுப்பறைப் பாடம். இன்னொரு போஸ்டர் ஓவியர் வெஸ் வில்சனின் உருகி வழியும் எழுத்துகளுக்கு முன்னோடி, வியன்னா ஓவியர் ஆல்ஃபிரட் ரோலர். போதையில் யார் வேண்டுமானாலும் கிறுக்கலாம். நிறம் நிறமாகப் பிரித்து, இம்மி பிசகாமல் அச்சில் ஏற்ற முடியாது.

‘சாயம் தெளித்த’ என்று எழுதும்போதே, அந்தச் சட்டையை அவர் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்று தெரிந்துவிடுகிறது. அது முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்த துணி. மதுரைச் சுங்குடிக்காரர்களின் பரம்பரைத் தொழில். போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; எல்.எஸ்.டி.யை வேதியியலாளர் ஹாஃப்மன் தயாரித்ததே 1938இல்தான்.

ஆரோவில் தொடங்கியது 1968 பிப்ரவரி 28இல். ஹிப்பிகள் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் போதைப்பொருளுக்கு அங்கே இடமில்லை என்றவர் அதை நிறுவிய அன்னை மிர்ரா அல்ஃபாசா. ஹிப்பிகளின் நெடும்பாதை போய்ச் சேர்ந்தது காத்மாண்டுவுக்கும் கோவாவுக்கும். நம் ஊர்ப் பையன்கள் பெல்பாட்டம் தைத்துக்கொண்டது சினிமா பார்த்து. வானூர்ப் பக்கம் செம்மண்ணில் மரம் நட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரரைப் பார்த்தல்ல.

1967இல் வந்த ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ இசைத்தட்டு அட்டையைக் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். விஷ்ணுவின் விஸ்வரூபப் படத்தில் ஹென்ட்ரிக்ஸ் குழுவின் முகங்களைப் பொருத்தியிருப்பார்கள். கட்டுரையாளர் உளறல் என்று திட்டும் நிறங்கள் அவர் வீட்டுப் பூஜையறையிலேயே ஃப்ரேமுக்குள் இருக்கக்கூடும். திட்டுவதானால் இதற்குத் திட்டியிருக்கலாம்: நாம் கும்பிடுகிற படத்தை எடுத்துப் பாட்டு விற்றார்கள். ஹென்ட்ரிக்ஸுக்கே அது பிடிக்கவில்லை. தனக்கு உறவு அமெரிக்கப் பழங்குடிகளோடு, இந்தியாவோடு அல்ல என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்த வழக்கில் நானும் கட்டுரையாளர் பக்கம் நின்றிருப்பேன். அவருக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

அடுத்த கட்டுரைக்கு முன், சேலை நெய்யும் சிறுவந்தாட்டுக்கு ஒரு நடை போய்வரட்டும். அரக்கு உடலும் பச்சைக் கரையும் சேருமிடத்தைத் தறியில் உற்றுப் பார்த்தால் விளிம்பு துடிப்பது தெரியும். என்ன சாப்பிட்டுவிட்டு இப்படி நெய்கிறீர்கள் என்று நெசவாளியிடம் கேட்கட்டும். டீயும் வடையும் என்பார்.