விலைச்சீட்டில் இல்லாத விலை

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாடு பிடிக்க வரும் விவசாயி, விலை பேசுவதற்கு முன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். இன்னும் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதுதான் அவருடைய முதற்கேள்வி. அதே விவசாயி கல்லூரியில் சேர்ந்த மகளுக்காகக் கிருஷ்ணகிரிக்குச் சென்று 20,000 ரூபாய்க்குத் திறன்பேசி வாங்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேமரா எத்தனை மெகாபிக்சல், நினைவகம் எத்தனை ஜிபி, சார்ஜ் எவ்வளவு விரைவில் ஏறும் என்பனவெல்லாம் விளம்பரத்தில் இருக்கின்றன; கடைக்காரரும் சொல்கிறார். எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை அட்டைப்பெட்டியும் சொல்வதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

பணி ஓய்வுக்குப் பின் பழைய மாணவர்களிடமிருந்து எனக்கு வரும் அழைப்புகளில், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்படுவது இதுதான்: "நடுத்தர விலையில் ஒரு பேசி வாங்க வேண்டும் ஐயா, ஆண்ட்ராய்டா, ஐபோனா?" பொருளாதாரம் படித்தவனிடம் கேட்கத் தகுந்த கேள்வியே. எங்கள் பகுதியில் இதற்குக் கூடுதல் பொருளும் உண்டு. ஒசூரை அடுத்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை, ஐபோனின் உறைப்பாகங்களில் தொடங்கி இன்று முழுப் பேசியையும் தொகுக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால், கோலார் மாவட்டம் நரசாபுராவில் விஸ்ட்ரான் நடத்திவந்த ஐபோன் ஆலையையும் 2023-இல் டாடா குழுமமே வாங்கிவிட்டது. 2023-24-ஆம் ஆண்டில் இந்தியாவில் தொகுக்கப்பட்ட ஐபோன்களின் மதிப்பு 1,400 கோடி டாலர் என்றும், அது உலக உற்பத்தியில் 14 சதவீதம் என்றும் மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை கூறியது. பகலெல்லாம் ஐபோனைக் கையாளும் பெண்கள், பணி முடிந்து ஆலைப் பேருந்தில் ஏறியதும் பையிலிருந்து எடுப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு பேசியைத்தான்.

"நம் ஊரிலேயே செய்கிறார்கள், விலை மட்டும் ஏன் குறையவில்லை?" என்று கேட்கிறார்கள். ஐபோன் 16இ என்னும் குறைந்த விலை மாதிரி 2025 பிப்ரவரியில் அறிமுகமானபோது இந்திய விலை ரூ.59,900. இதில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. அதை நீக்கினால் ஏறத்தாழ ரூ.50,760. அமெரிக்காவில் அதன் விலை, விற்பனை வரிக்கு முன், 599 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ ரூ.52,000. அதாவது வரியை ஒதுக்கிவிட்டால் இரு நாட்டு விலைகளும் ஏறக்குறைய ஒன்றே. எங்கே செய்கிறார்கள் என்பதைப் பார்த்து நிர்ணயித்த விலையல்ல இது. தொகுப்புக்கூலி மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு என்பதும் பழைய செய்திதான். 2009-இல் சீனாவில் தொகுக்கப்பட்ட ஐபோன் 3ஜியை ஆராய்ந்த யுச்சிங் சிங், நீல் டீட்டர்ட் ஆகிய இருவரும், 178.96 டாலர் உற்பத்திச் செலவில் தொகுப்புக்குச் சென்றது 6.50 டாலர் மட்டுமே என்று கணக்கிட்டுக் காட்டினர். சூளகிரியிலும் கெலமங்கலத்திலும் வேலைவாய்ப்பு பெருகுவது பெரிய நன்மை. அந்த நன்மை சம்பளமாக வருமேயன்றி விலைக்குறைப்பாக வராது.

இனி வாங்குபவரின் கணக்கு. மாதம் ரூ.18,000 ஈட்டும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ரூ.59,900 கொடுத்து வாங்கிய ஐபோனை ஆறு ஆண்டுகள் பயன்படுத்தி, கடைசியில் ரூ.10,000-க்கு விற்கிறார் எனில், நிகரச் செலவு மாதத்திற்கு ரூ.693. ரூ.20,000 விலையுள்ள ஆண்ட்ராய்டு பேசியை மூன்றே ஆண்டுகளில் தூக்கிப்போட்டால் மாதத்திற்கு ரூ.556. வேறுபாடு நாம் நினைத்த அளவுக்கு இல்லை. 'ஐபோன்தான் உண்மையில் சிக்கனம்' என்று வாதிடுவோரின் பலம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால், அதே ஆண்ட்ராய்டு பேசிக்கு நடுவில் ரூ.2,000 செலவில் புது பேட்டரி போட்டு ஐந்தாண்டுகள் ஓட்டினால் மாதச் செலவு ரூ.367-ஆக இறங்கிவிடுகிறது. ஆக, இயங்குதளத்தின் பெயரைவிட ஆண்டுகளின் எண்ணிக்கையே கணக்கை மாற்றுகிறது.

அந்த ஆண்டுகளை யார் தீர்மானிக்கிறார்? பேசியின் உடல் நன்றாக இருக்கும்போதே உயிர் போய்விடுவது இக்காலத்து விந்தை. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவனம் நிறுத்திய நாளிலிருந்து வங்கிக் கணக்கும் யுபிஐ பரிமாற்றமும் அந்தப் பேசியில் பாதுகாப்புக் குறைந்தவை ஆகின்றன; சில செயலிகள் நாளடைவில் இயங்க மறுக்கின்றன. ஆப்பிள் நிறுவனம் நெடுங்காலமாகவே தன் பழைய பேசிகளுக்கு ஐந்தாறு ஆண்டுகளுக்குக் குறையாமல் புதுப்பிப்புகளை அளித்துவந்துள்ளது. ஆண்ட்ராய்டில் இரண்டு, மூன்று ஆண்டுகளே வழக்கமாக இருந்தன. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24-க்கும் ஏழு ஆண்டுகள் என்று அறிவித்தபோது அது விலையுயர்ந்த பேசிகளின் சலுகையாகவே தோன்றியது. ஆனால், அதே ஆண்டின் பிற்பகுதியில் ரூ.20,000-க்கும் குறைவான ஏ16 5ஜி பேசிக்கு ஆறு ஆண்டுகள் என்று சாம்சங் உறுதியளித்தது. இதே விலையில் இரண்டே ஆண்டுகள் உறுதியளிக்கும் வேறு நிறுவனங்களின் பேசிகளும் அதே கண்ணாடி அலமாரியில், கூடுதல் மெகாபிக்சலோடு, பக்கத்திலேயே இருக்கின்றன. ஆறாம் ஆண்டில் குறைந்த விலைச் சிப் மந்தமாகத்தான் ஓடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மந்தமான பேசி வேறு, பாதுகாப்பற்ற பேசி வேறு.

தவணை முறையைப் பற்றி ஒரு வார்த்தை. 'வட்டியில்லாத் தவணை' என்று எதுவும் கிடையாது. வட்டி விகிதம் பூஜ்யம் என்பதே இல்லாத ஒன்று என 2013-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கத்திற்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடியை இழப்பதே அங்கு வட்டி. நடைமுறைக் கட்டணம் தனி. மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் விலையுள்ள பொருளை இவ்வழியில் வாங்குவது, முன்பு நான் கூறிய ரூ.693 கணக்கை எளிதில் ரூ.750-க்கு மேல் கொண்டுபோய்விடும். தான் கோத்த மாலையைத் தானும் சூடிப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆலைப் பெண் விரும்பினால் அதை ஆடம்பரம் என்று கேலி செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. ஆயினும் என்னிடம் கேட்டால், நீண்ட காலப் புதுப்பிப்பு உறுதியுள்ள ஆண்ட்ராய்டு பேசியை ரொக்கத்திற்கு வாங்கு என்றே சொல்வேன்.

ஒரு தளத்தில் நுழைந்தவர் வெளியேறுவதற்கும் ஒரு விலை கொடுக்கிறார். கார்ல் ஷப்பிரோவும் ஹால் வேரியனும் 1999-இல் எழுதிய நூலில் இந்த 'மாறுதல் செலவு' பற்றி விரிவாகப் பேசினர். அதே வேரியன் பின்னர் கூகுள் நிறுவனத்தின் தலைமைப் பொருளியலாளர் ஆனது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுபவர், வாட்ஸ்ஆப் உரையாடல்களை அதிகாரபூர்வமாக எடுத்துச்செல்ல 2022 வரை வழியில்லை. மறைந்த தந்தையின் குரல்பதிவுகள் பழைய பேசியிலேயே தங்கிவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத விலை அது.

ஆண்ட்ராய்டு இலவசம் என்பதும் பாதி உண்மையே. பேசி தயாரிப்பாளர்கள் கூகுளின் செயலிகளை மொத்தமாகப் பதித்தே தீரவேண்டும் என்னும் நிபந்தனைகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் அந்நிறுவனத்திற்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் சில கட்டளைகளை நீக்கினாலும் அபராதத்தை உறுதிசெய்தது. சரி, போட்டியாளர் அந்தப் பக்கம் இருக்கிறாரே என்று பார்த்தால், ஐபோனில் தன் தேடுபொறியை முதலிடத்தில் வைப்பதற்காக 2022-இல் மட்டும் ஆப்பிளுக்குக் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று அமெரிக்க வழக்கு ஆவணங்கள் வெளிப்படுத்தின. நாம் எந்தக் கடைக்குப் போனாலும் இருவருக்கும் பங்கு போகிறது.

மூன்றாவது தளம் ஒன்று இருந்திருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தோடு 2014-இல் ரூ.1,999-க்கு இன்டெக்ஸ் பேசி வந்தது. சாம்சங் தன் டைசன் தளத்தில் இசட்1 என்ற பேசியை 2015 ஜனவரியில் இந்தியாவில்தான் முதன்முதலில் விற்றது, ரூ.5,700-க்கு. செயலிகள் இல்லை என்று மக்கள் வாங்கவில்லை. மக்கள் வாங்கவில்லை என்று செயலிகள் வரவில்லை. இவையெல்லாம் சிறு முயற்சிகள். தமிழ்நாட்டுக்கு வலித்தது நோக்கியாவின் கதை.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாகப் பணிபுரிந்தனர். பெரும்பாலோர் இளம்பெண்கள், பலர் குடும்பத்தில் முதன்முதலாக மாதச்சம்பளம் கண்டவர்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா தலைமை, ஆண்ட்ராய்டை ஏற்காமல், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் தளத்தைத் தேர்ந்தது. இரண்டரை ஆண்டுகளில் பேசிப் பிரிவையே மைக்ரோசாஃப்டுக்கு விற்கும் நிலை வந்தது. வரித் தகராறில் சொத்துகள் முடக்கப்பட்டிருந்ததால் சென்னை ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. வரித் தகராறே காரணம் என்பார் பலர். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் இங்கு உற்பத்தியானவை பெரும்பாலும் பொத்தான் பேசிகள். மலிவான ஆண்ட்ராய்டு பேசிகள் அந்தச் சந்தையை ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்தன. எந்தத் தளம் வெல்லும் என்று ஃபின்லாந்தில் கணித்தவர்கள் தவறியதன் விலையில் ஒரு பகுதியைக் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெண்கள் கொடுத்தனர். விண்டோஸ் பேசியை வாங்கியவர்களுக்கும் 2020 ஜனவரியோடு புதுப்பிப்புகள் முடிந்தன. ஒசூர் வட்டாரம் இன்று ஒரே நிறுவனத்தின் ஒரே பொருளை இவ்வளவு நம்பியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஸ்ரீபெரும்புதூர் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நடுத்தர விலையில் ஐபோனை நாடுவோர் உண்மையில் வாங்குவது பழைய ஐபோனையே. பழைய பொருள்களின் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதை 1970-இல் ஜார்ஜ் ஆகர்லாஃப் விளக்கி, அதற்காகப் பின்னர் நோபல் பரிசும் பெற்றார். அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வழியுண்டு. பேட்டரியின் நலம் எத்தனை சதவீதம் என்று அமைப்புகளில் பார்க்கலாம். பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டுள்ளதா என்று கடையிலேயே சோதிக்கலாம். பேசியின் ஐஎம்இஐ எண் திருட்டுப் பட்டியலில் உள்ளதா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அறியலாம். நான்கு ஆண்டுப் பழைய ஐபோனுக்கு எஞ்சிய ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகளே என்பதை விலையிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் ஒவ்வொரு நுகர்வோரும் தானே துருவிக் கண்டறிய வேண்டும் என்பது நியாயமில்லை. பழுதுநீக்கத் தகுதிக் குறியீடு ஒன்றை வகுக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024-இல் அமைத்த குழு, 2025-இல் தன் அறிக்கையை அளித்தது. உதிரிபாகங்கள் கிடைக்கும் வேகத்தோடு மென்பொருள் புதுப்பிப்பையும் அது அளவுகோலாகக் கொண்டிருப்பது பாராட்டத்தக்கது. மதிப்பெண்ணைத் தயாரிப்பாளரே தனக்கு இட்டுக்கொள்ளலாம் என்பது அதன் பலவீனம். மாணவனே விடைத்தாளைத் திருத்துவதை நாற்பதாண்டுகள் ஆசிரியராக இருந்த என்னால் ஏற்க முடியவில்லை. மதிப்பெண்கூட வேண்டாம், 'இந்தப் பேசிக்கு இந்தத் தேதி வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு' என்ற ஒரே வரியை, மருந்து அட்டையில் காலாவதித் தேதி அச்சிடுவதுபோல, பெட்டியின் மேல் அச்சிடக் கட்டாயப்படுத்தினாலே போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இதைவிடக் கடுமையான விதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது: ஒரு மாதிரியின் விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிப்பு, ஏழாண்டுகளுக்கு உதிரிபாகம். இந்தியாவில் தொகுக்கப்படும் பேசி ஐரோப்பியக் கடைக்குச் சென்றால் அந்த உறுதியோடு விற்கப்படுகிறது. கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள கடைக்கு வந்தால், அத்தகைய கடப்பாடு எதுவும் சட்டப்படி இல்லை.