கூடாரத்தைப் பிடுங்கும் கை, குண்டு வீசும் கை



நம் கல்லூரி வளாகத்தில் நல்ல மனம் படைத்த இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று சனிக்கிழமைதோறும் மேம்பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டு வாழ்கிறவர்களுக்குச் சாப்பாடும் சாக்ஸும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. மற்றொன்று போருக்கு எதிராகப் பதாகை பிடிக்கிறது, கையெழுத்து வாங்குகிறது. முதல் கூட்டம் 'எங்களுக்கு அரசியல் வேண்டாம்' என்கிறது. இரண்டாவது கூட்டத்தின் ஊர்வலம் அதே கூடாரங்களைக் கடந்து போகிறது, நின்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. நான் இரண்டிலும் இருக்கிறேன். இந்த இரண்டு தரப்பாரும் ஒரே அறையில் உட்கார்ந்தாக வேண்டும், அதுவும் இந்த வாரமே.

வரும் செவ்வாய்க்கிழமை நம் சிட்டி கவுன்சிலில் ஒரு சட்டம் வாக்கெடுப்புக்கு வருகிறது. பூங்காவிலோ நடைபாதையிலோ படுத்துறங்குவது இனி குற்றம். இதன் தாய்ச் சட்டம் ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தது. அங்கே அப்போது பொது இடத்தில் போர்வையோ தலையணையோ வைத்துப் படுத்தால் 295 டாலர் அபராதம். கட்ட முடியாவிட்டால் அது 500 டாலரைத் தாண்டியது. மறுபடி மறுபடி அகப்பட்டால் பூங்காவுக்குள் நுழையவே தடை. தடையை மீறினால் 30 நாள் வரை சிறை. கையில் 20 டாலர் இல்லாததால் தெருவில் கிடப்பவரிடம் 295 டாலர் கேட்டார்கள்! 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் இதற்கு அனுமதி கொடுத்தது. தூக்கம் உடம்பின் தேவை, அதைக் குற்றமாக்க முடியாது என்று நீதிபதி சோனியா சோட்டோமயோர் எழுதிய மாற்றுத் தீர்ப்பு தோற்றது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் இதே மாதிரிச் சட்டங்களை நிறைவேற்றிவிட்டன. இப்போது நம் ஊரின் முறை.

2024 ஜனவரியில் ஒரே இரவில் நாடு முழுக்க எடுத்த அரசுக் கணக்கில் 7,71,480 பேர் வீடில்லாமல் இருந்தார்கள். இந்தக் கணக்கெடுப்பு தொடங்கிய காலத்திலிருந்து இதுதான் உச்சம். அவர்களில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் குழந்தைகள். நண்பர் வீட்டு சோஃபாவில் மாறி மாறித் தங்குகிறவர்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. 'அவர்கள்' என்று தூரமாகப் பேச வேண்டாம், தோழர்களே. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கு படிக்கும் நூறு மாணவர்களில் சுமார் பதினோரு பேர் முந்தைய ஓராண்டுக்குள் ஒருமுறையாவது வீடில்லாமல் இருந்திருக்கிறார்கள். லாங் பீச் நகரக் கல்லூரி 2021-இல், காரிலேயே தூங்கும் மாணவர்களுக்காகத் தன் வாகன நிறுத்தத்தை இரவில் திறந்துவிட்டது. நம் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் நேற்று எங்கே தூங்கினார் என்று நமக்குத் தெரியாது.

'இதற்கும் ஈராக் போருக்கும் என்ன சம்பந்தம்?' சனிக்கிழமைத் தோழர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வீடு கட்டப் பணமில்லை என்று இந்த அரசு சொல்லும்போதெல்லாம் அதன் இன்னொரு கையைப் பாருங்கள். 2001-க்குப் பிறகு நடத்திய போர்களுக்கு, காயமடைந்த வீரர்களுக்கு இனிமேல் செய்ய வேண்டிய செலவையும் சேர்த்து, சுமார் 8 லட்சம் கோடி டாலர் என்று பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2025-க்கான ராணுவச் சட்டம் அனுமதித்த தொகை ஏறக்குறைய 89,500 கோடி டாலர். அதே நாட்டில், வாடகை உதவி பெறத் தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்ற மூன்றுக்கும் கிடைப்பதில்லை.

பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது. அதே ஆய்வாளர்களின் இன்னொரு கணக்கு: ஆப்கானிஸ்தான், ஈராக், பாகிஸ்தான், சிரியா, ஏமன், லிபியா, சோமாலியா, பிலிப்பைன்ஸ் என அமெரிக்கா இறங்கிய போர்களில் குறைந்தது 3.8 கோடிப் பேர் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். இல்லாத பேரழிவு ஆயுதங்களைத் தேடி 2003 மார்ச்சில் ஈராக்குக்குள் நுழைந்தார்கள். ஆயுதம் கிடைக்கவில்லை. தெருவுக்கு வந்தவை ஈராக்கியக் குடும்பங்கள். வெளிநாட்டில் வீட்டை இடிப்பதும் உள்நாட்டில் கூடாரத்தைப் பிடுங்குவதும் ஒரே அரசியல். ஆளை முதலில் வீடற்றவராக்கு, பிறகு அவரையே ஆபத்து என்று சொல், பிறகு அப்புறப்படுத்து. இந்த அரசியலின் ஒரு பாதியை மட்டும் எதிர்த்துக் கொண்டிருந்தால் நாம் ஆயுள் முழுக்க எதிர்த்துக் கொண்டே இருப்போம்.

போர் எதிர்ப்புத் தோழர்களுக்கும் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போர் நின்றால் பணம் தானாக வீடு கட்ட வந்துவிடும் என்று நம்பாதீர்கள். 2021 ஆகஸ்டில் கடைசிப் படைவீரர் காபூலிலிருந்து விமானம் ஏறினார். இருபது ஆண்டுப் போர் முடிந்தது. அதற்கடுத்த ஆண்டு ராணுவ ஒதுக்கீடு குறைந்ததா? கூடியது. நிறுத்து என்ற கோஷத்தோடு, கட்டு என்ற கோரிக்கையும் சேர்ந்து போகாவிட்டால் மிச்சமாகும் டாலர் அடுத்த ஏவுகணைக்குத்தான் போகும்.

வீடின்மையைத் தீர்க்க வழி தெரியாமல் அரசு தவிக்கிறது என்பதும் பொய். 2010-இல் 74,000-க்கும் மேற்பட்ட முன்னாள் ராணுவத்தினர் தெருவிலும் தங்குமிடங்களிலும் இருந்தார்கள். 2024-இல் அந்த எண்ணிக்கை 33,000-க்கும் கீழே. மந்திரம் எதுவும் இல்லை. முதலில் வாடகைக்கு ஒரு வவுச்சர், பிறகு மருத்துவத்துக்கும் வேலைக்கும் கூடவே நின்று உதவ ஓர் ஆள். குடியை விடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, அப்புறம் வீடு என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆட்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அந்த வீரர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். போருக்கு அனுப்பி உடைத்தவர்களுக்கு இதையாவது செய்ய வேண்டும். ஆனால் சீருடை போட்டவருக்கு மட்டும்தான் கூரையா? ஹோட்டலில் பாத்திரம் கழுவி முதுகு ஒடிந்தவருக்கு, கணவனின் அடிக்குப் பயந்து பிள்ளையோடு வெளியேறியவருக்கு அதே வழியை ஏன் திறக்கவில்லை?

இரண்டையும் சேர்த்துப் பேசிய முன்னோர்கள் நமக்கு இருக்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தார். ஏழைகளுக்கான திட்டங்களின் உயிரைப் போர் உறிஞ்சுகிறது என்பது அன்று அவர் சொன்ன காரணங்களில் முதன்மையானது. கூட இருந்தவர்களே விலகினார்கள், பத்திரிகைகள் சாடின. அவர் பின்வாங்காமல் ஏழை மக்கள் இயக்கத்தைத் திரட்டினார். சரியாக ஓராண்டு கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று, மெம்பிஸில் கொல்லப்பட்டார். அவருடைய மக்கள் ஓயவில்லை. அந்த மே மாதம் வாஷிங்டன் நடுவிலேயே ஒரு கூடார நகரத்தை எழுப்பினார்கள். ஜூன் 24 அன்று போலீஸ் வந்து அதைப் பிடுங்கி எறிந்தது.

மிட்ச் ஸ்னைடரைப் பற்றியும் படியுங்கள். வேறொரு வழக்கில் டான்பரி சிறையில் இருந்தபோது, வியட்நாம் போரை எதிர்த்துச் சிறைப்பட்ட பெரிகன் சகோதரர்களைச் சந்தித்தவர். வெளியே வந்து வாஷிங்டனில் வீடற்றவர்களோடு வாழ்ந்தார். அணு நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கிறிஸ்துவின் உடலைக் குறிக்கும் பெயரை வைத்ததை எதிர்த்தும் பட்டினி கிடந்தார், வீடற்றவர்களுக்காகவும் பட்டினி கிடந்தார். ரீகன் அரசு வீட்டு வசதி நிதியை வெட்டி ராணுவ நிதியை ஏற்றிய காலம் அது. 1984-இல் 51 நாள் உண்ணாவிரதத்தின் முடிவில், தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, அரசு இறங்கி வந்தது. ஏற்கெனவே தங்குமிடமாக இருந்த ஓர் அரசுக் கட்டடத்தைச் சீரமைக்க ஒப்புக்கொண்டது.

நம்மை யாரும் 51 நாள் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ஒரு மாலையைத்தான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை பாடப் புத்தகத்தோடே வாருங்கள், வரிசையில் நிற்கும்போது படிக்கலாம். பேசுகிறவர்கள் முன்பே பெயர் பதிந்துகொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். கருணை கேட்காதீர்கள், கணக்கு கேளுங்கள். இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் ஆகும் செலவில் எத்தனை பேருக்கு வாடகை கட்டலாம்? விசாவில் படிக்கிற தோழர்கள் மைக்குக்கு வர வேண்டாம். உங்களுக்கு வரக்கூடிய ஆபத்து வேறு, அதை நாங்கள் அறிவோம். மொழிபெயர்க்க, கார் ஓட்ட, குறிப்பெடுக்க ஆள் வேண்டும். கூடாரங்களில் இருப்பவர்களில் வர விரும்புகிறவர்களை அழைத்து வருவது சனிக்கிழமைத் தோழர்களின் பொறுப்பு. முதலில் பேச வேண்டியவர்கள் அவர்களே. மறுநாள் காலை நம் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எல்லோரும் போகிறோம். ராணுவ ஒதுக்கீட்டுக்கு அவர் எப்படி வாக்களித்தார், வாடகை வவுச்சருக்கு எப்படி வாக்களித்தார், இரண்டையும் ஒரே மூச்சில் கேட்போம். ஜனவரிக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகவும் இப்போதே பெயர் கொடுங்கள். விடுபடுகிறவர்கள் நிதியிலும் விடுபடுவார்கள்.

ஏழு பேர் கொண்ட அந்தக் கவுன்சிலில் இன்னும் முடிவெடுக்காதவர்கள் இருவர். இருவருமே நம் வளாகத்தை உள்ளடக்கிய வார்டுகளில் வென்றவர்கள். இன்றிரவே அவர்களுக்கு எழுதுங்கள், தோழர்களே. எழுதிவிட்டு, பக்கத்து அறைக் கதவைத் தட்டி இன்னொருவரையும் எழுத வையுங்கள்.